சென்னை – சிங்கப்பூர், திருச்சி – சிங்கப்பூர்: தூரம் எவ்வளவு, நேரம் எவ்வளவு?

#1 · காவிரிக்கரை

வணக்கம். அப்பாவும் அம்மாவும் ஜூலை கடைசியில் சிங்கப்பூரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போகிறார்கள். இருவருக்கும் முதல் விமானப் பயணம். வீடு தஞ்சாவூரில். அதனால் திருச்சியா, சென்னையா என்று ஒரு வாரமாகப் பஞ்சாயத்து ஓடுகிறது. "திருச்சி தெற்கே இருக்கு, சிங்கப்பூரும் தெற்கேதான். அப்போ திருச்சியிலிருந்துதான் தூரம் கம்மி" என்று மாமா ஒரே பிடியாக நிற்கிறார்.

சரி, பார்த்துவிடலாம் என்று தூரம் கணக்கிடும் ஒரு தளத்தில் சென்னை – சாங்கி (சிங்கப்பூர் விமான நிலையம்) என்று போட்டேன். 2,924 கி.மீ., பறக்கும் நேரம் 4 மணி 8 நிமிடம் என்று வந்தது. டிக்கெட் விற்கும் தளத்தில் 4 மணி 25 நிமிடம். ஆனால் டிக்கெட்டில் புறப்பாடு இரவு 11:30, வருகை காலை 6:25. கழித்துப் பார்த்தால் கிட்டத்தட்ட ஏழு மணி நேரம்! விமானங்களை வரைபடத்தில் காட்டும் இன்னொரு தளத்தில் பார்த்தால், அதே விமானம் 3 மணி 50 நிமிடத்தில் போய் இறங்கியிருக்கிறது. இதில் எதை நம்பித் தங்கையை ஏர்போர்ட்டுக்கு வரச் சொல்வது?

இன்னொன்றும் புரியவில்லை. திரும்பி வரும் விமானத்துக்கு 4 மணி 5 நிமிடம்தான் போட்டிருக்கிறது. போகிற தூரமும் வருகிற தூரமும் ஒன்றுதானே?

#2 · ஜூரோங் செல்வி

ஏழு மணி நேரக் குழப்பம் எல்லோருக்கும் வருவதுதான். டிக்கெட்டில் புறப்படும் நேரம் இந்திய நேரம், வருகை சிங்கப்பூர் நேரம். இங்கே உங்களைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். நீங்கள் கழித்துப் பார்த்த 6 மணி 55 நிமிடத்தில் 2:30-ஐக் கழித்தால் 4:25. தங்கை பார்க்க வேண்டியது 6:25 என்ற எண்ணை மட்டும்தான், அது அவருடைய கடிகாரத்தின் நேரம்.

ஒன்று சொல்லி வையுங்கள். 6:25-க்கு இறங்கினால் வெளியே இருட்டாகத்தான் இருக்கும். இங்கே விடிய ஏழு மணி ஆகும். "தப்பான நேரத்துக்கு வந்துட்டோமோ" என்று என் மாமியார் கேட்டார்!

#3 · கணக்குப்புலி

ஏழு மணிக்கு விடிவதற்குக் காரணம் இருக்கிறது. சிங்கப்பூர் இருக்கும் தீர்க்கரேகை 104. அந்த இடத்துக்கு இயல்பாக வர வேண்டிய நேரம் கிரீன்விச்சுக்கு 7 மணி முன்னால். ஆனால் 1982 தொடக்கத்திலிருந்து மலேசியாவோடு சேர்ந்து 8 மணி முன்னால் வைத்திருக்கிறார்கள். நம்முடையது 82.5 தீர்க்கரேகையை வைத்து ஐந்தரை மணி.

இனி மாமா விஷயம். எண்களைப் போட்டே பார்த்துவிடுவோம்.

சென்னை விமான நிலையம்: 12.99 வடக்கு, 80.17 கிழக்கு. திருச்சி: 10.77 வடக்கு, 78.71 கிழக்கு. சாங்கி: 1.36 வடக்கு, 103.99 கிழக்கு.

பூமியை உருண்டை என்று வைத்துக்கொண்டு இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான மையக் கோணத்தைக் கண்டுபிடித்தால் சென்னை – சாங்கிக்கு 26.3 டிகிரி, திருச்சி – சாங்கிக்கு 26.8 டிகிரி. ஒரு டிகிரிக்கு 111.2 கி.மீ. அப்படியானால் சென்னையிலிருந்து 2,924, திருச்சியிலிருந்து சுமார் 2,980. சென்னைதான் கிட்டே! சிங்கப்பூர் நமக்குத் தெற்கே என்பதைவிடக் கிழக்கே என்பதுதான் பொருத்தம். தெற்கே இறங்குவது 12 டிகிரி, கிழக்கே நகர்வது 24 டிகிரி. திருச்சி தெற்கே இரண்டு டிகிரி சம்பாதித்ததை மேற்கே ஒன்றரை டிகிரி தள்ளியிருப்பதில் தொலைத்துவிடுகிறது. மதுரை இன்னும் மேற்கே, அதனால் இன்னும் சற்றுத் தூரம்.

ஆனாலும் இந்த 56 கி.மீ. விமானத்துக்கு நான்கு நிமிட வேலை. தஞ்சாவூரிலிருந்து சென்னைக்கு 340 கி.மீ. காரில் போய்விட்டு நான்கு நிமிடம் மிச்சம் பிடிப்பதில் அர்த்தமே இல்லை. மாமா சொன்ன காரணம்தான் தவறு, முடிவு சரி. திருச்சியிலேயே ஏற்றிவிடுங்கள்.

#4 · சும்மா ஒருத்தன்

போக வர நேரம் வேறுபடுவதற்குக் காரணம் ரொம்ப சிம்பிள். பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுற்றுகிறது. கிழக்கே போகும்போது சிங்கப்பூர் விலகி ஓடுகிறது, விமானம் துரத்த வேண்டும். வரும்போது சென்னை எதிரே வருகிறது.

#5 · கணக்குப்புலி

நிலநடுக்கோட்டில் பூமி மணிக்கு 1,670 கி.மீ. வேகத்தில் சுற்றுகிறது. நீங்கள் சொல்வது சரி என்றால் 840 கி.மீ. வேகத்தில் போகும் விமானம் சிங்கப்பூரை எட்டவே முடியாது. பூமியோடு சேர்ந்து காற்றும் சுற்றுகிறது, ஓடுபாதையில் நிற்கும் விமானமும் சுற்றுகிறது. ஓடும் ரயிலுக்குள் முன்பக்கம் நடந்தாலும் பின்பக்கம் நடந்தாலும் கழிவறைக்குப் போகும் நேரம் ஒன்றுதான்.

#6 · குரோம்பேட்டைவாசி

சும்மா ஒருத்தன் அண்ணே, சுழற்சி இல்லை, ஜெட் காற்றுதான் காரணம். மேலே மேற்கிலிருந்து கிழக்காகப் பலமான காற்று ஓடும். அதனால்தான் அமெரிக்காவிலிருந்து லண்டனுக்கு வரும்போது சீக்கிரம், போகும்போது தாமதம்.

#7 · காவிரிக்கரை

அப்படியானால் கிழக்கே போகும்போதுதானே சீக்கிரம் போக வேண்டும்? எங்கள் டிக்கெட்டில் சிங்கப்பூர் போகத்தானே அதிக நேரம்? இன்னும் குழம்புகிறது.

#8 · பழைய டிஸ்பேட்சர்

கேட்டீர்களே, அது சரியான கேள்வி. விமானங்களுக்கு வழித்திட்டமும் எரிபொருள் கணக்கும் போட்டுக் கொடுப்பதுதான் நான் பார்த்த வேலை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குரோம்பேட்டைவாசி சொன்ன மேற்கத்திய ஜெட் உண்மைதான். ஆனால் அது ஓடுவது நமக்கு வெகு வடக்கே. டெல்லி – டோக்கியோ போகிறவர்களுக்கு அது பொருந்தும். சென்னை – சிங்கப்பூர் வழி முழுக்க 13 டிகிரிக்குக் கீழே. இங்கே ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆட்சி செய்வது அதற்கு நேர்மாறான ஒன்று: வெப்பமண்டலக் கிழக்கு ஜெட். தென்மேற்குப் பருவக்காற்று கீழே மேற்கிலிருந்து வீசிக்கொண்டிருக்கும் அதே நேரத்தில், மேலே 14, 15 கி.மீ. உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக இது ஓடும். இதை உலகுக்கு விளக்கி எழுதியவர் பி. கோடீஸ்வரம் என்ற நம் நாட்டு வானிலை விஞ்ஞானி, 1958-இல். பின்னாளில் இந்திய வானிலைத் துறைக்கே தலைவராக இருந்தார்.

பயணிகள் விமானம் 11, 12 கி.மீ. உயரத்தில்தான் போகும். ஜெட்டின் நடுப்பகுதி அதற்கும் மேலே. ஆனாலும் அதன் கீழ்ப்பகுதியே மணிக்கு 50 கி.மீ. எதிர்க்காற்றைச் சுலபமாகக் கொடுத்துவிடும், சில நாள் அதற்கு மேலும். ஏ320 ரக விமானம் காற்றைப் பொறுத்து மணிக்கு 840 கி.மீ. போகிறது என்று வையுங்கள். எதிர்க்காற்றில் தரையைப் பொறுத்து அது 790. 2,924 கி.மீ.க்கு 3 மணி 42 நிமிடம். திரும்பும்போது அதே காற்று முதுகில் தள்ளும், 890. 3 மணி 17 நிமிடம். 25 நிமிடம் வித்தியாசம் வந்துவிட்டதா? ஜூலையில் கிழக்கே போகிறவர்களுக்கு இந்த வழித்தடத்தில் நஷ்டம்தான்.

இனி அந்த நாலு விதமான நேரம். தளம் சொன்ன 4 மணி 8 நிமிடத்தில் காற்றும் கிடையாது, விமானமும் கிடையாது. மணிக்கு 500 மைல், அதாவது 805 கி.மீ. என்று வகுத்தால் 3 மணி 38 நிமிடம். ஏறி இறங்க ஒரு அரை மணி நேரம் சேர்த்தால் 4:08. கணக்கு கச்சிதமாக ஒத்துப்போகிறது, பாருங்கள். உலகத்தில் எந்த இரண்டு ஊரைப் போட்டாலும் இதே சூத்திரம்தான். தோராயமாகப் பார்க்க உதவும், அதற்கு மேல் மரியாதை கொடுக்க வேண்டாம்.

வரைபடத் தளம் காட்டும் 3:50 என்பது சக்கரம் ஓடுபாதையை விட்டதிலிருந்து மறுபடி தொட்டது வரை. டிக்கெட்டில் இருக்கும் 4:25-ஐ நாங்கள் பிளாக் டைம் என்போம். சக்கரத்துக்கு வைத்திருக்கும் கட்டையை எடுத்து விமானத்தைப் பின்னால் தள்ளத் தொடங்குவதிலிருந்து, அங்கே போய் நிறுத்தி மறுபடி கட்டை வைக்கும் வரை. ஊர்ந்து போவது, ஓடுபாதை முனையில் வரிசையில் நிற்பது எல்லாம் இதில் அடக்கம்.

#9 · குரோம்பேட்டைவாசி

அருமை ஐயா. ஜூலை என்றதும் ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். எங்கள் மொட்டைமாடியிலிருந்து தினமும் பார்ப்பது. தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் மீனம்பாக்கத்தில் பெரும்பாலும் 25 என்ற எண்ணுள்ள ஓடுபாதைத் திசையில்தான் ஏறுவார்கள். அதாவது மூக்கு மேற்கே, பல்லாவரம் பக்கம். காற்றுக்கு எதிராகத்தானே ஏற வேண்டும்? சிங்கப்பூர் விமானமும் முதலில் மேற்கே ஏறி, அப்புறம் ஒரு பெரிய வளைவு போட்டுத்தான் கடல் பக்கம் திரும்பும். வடகிழக்குக் காற்று வந்துவிட்டால் 07, நேரே அடையாறு தாண்டிக் கடல். அந்த வளைவு மிச்சம்.

#10 · பழைய டிஸ்பேட்சர்

ஆமாம். 2,924 என்பது புள்ளிக்குப் புள்ளி நேர்க்கோட்டுத் தூரம். நிஜத்தில் எந்த விமானமும் அந்தத் தூரத்தை மட்டும் பறப்பதில்லை. ஏறும் வளைவு, வான்வழித் தடங்களின் திருப்பங்கள், வங்காள விரிகுடாவில் இடிமேகம் இருந்தால் 20, 30 நாட்டிகல் மைல் ஒதுங்குவது, சாங்கியில் நெரிசல் என்றால் சுற்ற வைப்பது எல்லாம் சேரும். நாங்கள் கி.மீ.யைத் தொடுவதே இல்லை. நாட்டிகல் மைல்தான். 1,852 மீட்டர். அதிலும் எரிபொருள் போடும்போது பார்ப்பது காற்றுக்குள் எத்தனை மைல் பறக்கப் போகிறோம் என்பதை. எதிர்க்காற்று நாளில் அந்த எண் வரைபடத் தூரத்தைவிடக் கூடுதல், பின்காற்று நாளில் குறைவு. விமானத்தைப் பொறுத்தவரை சென்னையிலிருந்து சிங்கப்பூர் ஜூலையில் தள்ளிப் போகிறது, சிங்கப்பூரிலிருந்து சென்னை கிட்டே வருகிறது.

#11 · சும்மா ஒருத்தன்

சரி, காற்றை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 3:50-இல் போகிற விமானத்துக்கு 4:25 என்று போடுவது ஏமாற்று வேலை இல்லையா? அரை மணி தாமதமாகக் கிளம்பினாலும் "சரியான நேரத்தில் வந்து சேர்ந்துவிட்டோம்" என்று அறிவித்துப் பெயர் வாங்கிக்கொள்ளத்தானே?

#12 · பழைய டிஸ்பேட்சர்

பாதி உண்மை. கூடுதலாகக் கொஞ்சம் வைப்பார்கள், மறுக்கவில்லை. குறித்த நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் வந்தால் நேரத்துக்கு வந்ததாகக் கணக்கு, அதுதான் இந்தத் தொழிலில் வழக்கம். ஆனால் ஒரே அட்டவணை மார்ச் கடைசி ஞாயிறு தொடங்கி அக்டோபர் கடைசி வரை ஓட வேண்டும். ஏப்ரலில் காற்று சாது, ஜூலையில் முரடு. ஜூலைக்குப் போதுமான நேரத்தை வைத்தால் ஏப்ரலில் சீக்கிரம் வந்து சேரும். ஏப்ரலுக்கு வைத்தால் ஜூலையில் தினமும் திட்டு. நீங்களாக இருந்தால் எதை வைப்பீர்கள்?

அப்புறம் அந்த அரை மணி நேரம் முழுக்கக் கூடுதல் என்று நினைக்காதீர்கள். இரவு 11 மணிக்கு மேல் வெளிநாட்டு விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பும் நேரத்தில் ஓடுபாதை முனைக்குப் போகவே கால் மணி நேரம் ஆகும். அங்கே இறங்கி நிறுத்துமிடம் சேர இன்னொரு பத்து நிமிடம். மிச்சம் என்ன இருக்கிறது?

#13 · கணக்குப்புலி

பிளாக் டைமுக்கு இன்னொரு உபயோகம் இருக்கிறது, பயணிகளுக்குத் தெரிந்திருக்க வேண்டியது. இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ விதிப்படி, தாமதத்தின்போது சாப்பாடு, சிற்றுண்டி கொடுக்க வேண்டிய கெடு இதை வைத்துத்தான். பிளாக் டைம் இரண்டரை மணி வரை என்றால் 2 மணி நேரத் தாமதத்துக்கே கொடுக்க வேண்டும். இரண்டரை முதல் ஐந்து மணி வரை என்றால் 3 மணி நேரத் தாமதம். அதற்கு மேல் என்றால் 4. சிங்கப்பூர் நடு வகுப்பில் வருகிறது. ஐரோப்பாவில் இதற்கு நேரத்தைப் பார்ப்பதில்லை, நேர்க்கோட்டுத் தூரத்தைப் பார்த்து 1,500, 3,500 கி.மீ. என்று கோடு போட்டு இழப்பீடு தருகிறார்கள். தூரம் மாறாது, அட்டவணை மாறும். எனக்கு ஐரோப்பிய முறைதான் நேர்மையாகப் படுகிறது.

#14 · பலாலி வீதி

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு குறிப்பு. தூரத்தை வைத்து நேரத்தைச் சொல்ல ஏலாது என்பதற்கு எங்கட பலாலியே நல்ல உதாரணம். சென்னை – கட்டுநாயக்க (கொழும்பு விமானநிலையம்) ஏறக்குறைய 645 கி.மீ. சென்னை – பலாலி 355 கி.மீ.தான். ஆனால் அட்டவணையில் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே நேரம், ஒண்டேகால் ஒண்டரை மணித்தியாலம். கொழும்புக்கு வருவது ஜெட் விமானம். பலாலியில் ஓடுபாதையின்ர நீளம் கட்டை என்பதால் விசிறி வைத்த ஏடிஆர் 72-தான் வருகுது, அதின்ர வேகம் மணிக்கு 500 கி.மீ. அளவுதான்.

ஆனாலும் 2019-இல் பலாலியைச் சர்வதேச விமானநிலையமாகத் திறக்க முந்தி நாங்கள் என்ன செய்தோம்? இரவு பஸ் பிடிச்சுக் கொழும்புக்குப் போய், அங்கேயிருந்து கட்டுநாயக்கவுக்குப் போய், பிறகு எங்கட வீட்டுக்கு மேலாலேயே பறந்து சென்னைக்கு வந்தோம். கொரோனாவோடு நிண்ட சேவை 2022 டிசம்பரில் திரும்பத் தொடங்கினபோது என்ர அம்மம்மாவுக்கு விமானத்தின்ர வேகம் ஒரு பொருட்டே இல்லை. பஸ் இல்லை என்பதுதான் பெரிய விசயம்.

#15 · காவிரிக்கரை

பலாலி வீதி, நீங்கள் சொன்னதுதான் எங்கள் கதையும். தஞ்சாவூரிலிருந்து திருச்சி ஏர்போர்ட் ஒரு மணி நேரம். சென்னை என்றால் ராத்திரி முழுக்கக் கார். மாமாவிடம் முடிவைச் சொன்னேன். காரணத்தைச் சொல்லவில்லை, சந்தோஷமாக இருக்கிறார்.

பழைய டிஸ்பேட்சர் ஐயா, ஒரு சந்தேகம். விமானம் பெரிதாக இருந்தால் சீக்கிரம் போகுமா? சென்னையிலிருந்து பெரிய விமானமும் போகிறதே.

#16 · பழைய டிஸ்பேட்சர்

அளவு காரணமில்லை. எந்த வேகத்துக்காக இறக்கையை வடிவமைத்தார்கள் என்பதுதான். ஏ320, 737 எல்லாம் ஒலியின் வேகத்தில் 0.78 பங்கு அளவில் போகும். ஏ350, 787 போன்றவை 0.85. மணிக்கு 70 கி.மீ. கூடுதல். இந்தத் தூரத்துக்குக் கால் மணி நேரம் மிச்சமாகும். அதை இறங்கிய பிறகு பெட்டிக்காகக் காத்திருந்து தொலைத்துவிடலாம்.

#17 · ஜூரோங் செல்வி

நீண்ட தூரத்துக்குக் காற்றுதான் எல்லாம். இங்கிருந்து நியூயார்க் நேரடி விமானம் 15,300 கி.மீ.க்கு மேல், 18 மணி நேரத்தைத் தாண்டும். தினமும் ஒரே வழியில் போவதில்லை. அன்றைய காற்றைப் பார்த்துப் பசிபிக் மேலா, வேறு பக்கமா என்று முடிவெடுக்கிறார்கள்.

காவிரிக்கரை, தங்கைக்கு: 6:25 வருகை என்றால் 7 மணிக்கு வாசலுக்கு வந்தால் போதும். குடிநுழைவு, பெட்டி எல்லாம் முடிந்து வெளியே வர அரை மணியிலிருந்து முக்கால் மணி ஆகும். வருகைக்கு முந்தைய 3 நாட்களுக்குள் எஸ்ஜி அரைவல் கார்டை (சிங்கப்பூர் வருகைப் படிவம்) ஆன்லைனில் நிரப்பிவிடச் சொல்லுங்கள். இலவசம். காசு கேட்கும் தளங்கள் நிறைய இருக்கின்றன, அவற்றில் மாட்ட வேண்டாம்.

#18 · குரோம்பேட்டைவாசி

ஜன்னல் இருக்கை கேட்டால் இடது பக்கம் எடுங்கள். சென்னையிலிருந்து நேர்க்கோடு கிரேட் நிக்கோபாரின் தென்முனையை ஒட்டிப் போகும். அதற்குப் பிறகு சுமத்ராவின் வடகரை ஓரமாகவே மலாக்கா நீரிணை. திருச்சியிலிருந்து போனாலும் கடைசி ஒன்றரை மணி நேரம் கிட்டத்தட்ட இதே பாதைதான். இடது பக்கம் கடல், மேகம் இல்லாவிட்டால் கப்பல் விளக்குகள் வரிசையாகத் தெரியும். வலது பக்கம் சுமத்ராவின் மேடான் நகர விளக்குகள்.

#19 · காவிரிக்கரை

அம்மா நடைபாதை ஓரம்தான் வேண்டும் என்கிறார், அப்பாவுக்கு ஜன்னல். கடைசியாக ஒன்று: திரும்பி வருவது டிசம்பருக்கு மாறலாம். அப்போதும் வருவது சீக்கிரமாக இருக்குமா?

#20 · பழைய டிஸ்பேட்சர்

டிசம்பரில் கிழக்கு ஜெட் கிடையாது. சிங்கப்பூர் பக்கம் லேசான கிழக்குக் காற்று, தமிழ்நாட்டை நெருங்கும்போது சில நாள் மேற்குக் காற்று. இரண்டும் கழிந்து போக வர நேரம் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். காற்றைவிட வானிலையைத்தான் பார்க்க வேண்டும், டிசம்பர் புயல் காலம். அட்டவணையும் அக்டோபர் கடைசியில் மாறிவிடும், புறப்படும் நேரமே வேறாக இருக்கலாம். தேதி மாற்றியதும் புது டிக்கெட்டைத் திறந்து ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.